சோப்பாராவில் இறங்கத் தெரியாதவன்

நாள் 1: தாதர், தாராவி

திருநெல்வேலியில் ஏறி ஒன்றரை நாள். தாதரில் இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. பிளாட்பாரத்தில் நின்றிருந்த அத்தான் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்னலே, இவ்வளவு கறுத்துட்ட?" பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் அந்த 'லே' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம், அத்தை வீட்டில் பொங்கல். உண்மையான காரணம் சோப்பாரா.

எனக்கு ஊர் ஏரல். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் கொற்கை வந்துவிடும். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கப்பலைப் பார்க்கலாம் என்று ஏழாம் வகுப்பில் நானும் இரண்டு கூட்டாளிகளும் போனோம். வாழைத் தோப்பு, வயல், ஒரு குளம், வயசான ஒரு வன்னி மரம். அவ்வளவுதான். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. அன்றைக்கு வந்த ஏமாற்றம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. கடல் விட்டுவிட்டுப் போன ஊர் எங்கே இருந்தாலும் போய் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மனசு அரிக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு இருக்கிறதே, பெரிப்ளுஸ், அதில் கொற்கையும் வருகிறது. முத்துக் குளிக்கிறார்கள், குளிக்கிறவர்கள் தண்டனைக் கைதிகள் என்று எழுதியிருக்கிறார். அதே கையால் மேற்குக் கரையில் குஜராத்தின் பரூச்சுக்குத் தெற்கே உள்ள துறைகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: சுப்பாரா, கல்லியேனா, செமுல்லா. கல்லியேனா என்பது கல்யாண். அத்தையின் மூத்த மகள் வாழ்க்கைப்பட்டுப் போனது அங்கேதான். செமுல்லா அலிபாக் பக்கத்துச் சவுல். சுப்பாராதான் இப்போது விரார் லோக்கலில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன், நாலா சோப்பாரா.

அத்தை வீடு 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே மூன்று சந்து. கீழே ஒரு கோலி (பம்பாயில் அறைக்கு அதுதான் பேர்), இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு கோலி. மாமா தோல் பதனிடுகிற வேலைக்கு வந்தவர். இப்போது வேலை இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. சாப்பிடும்போது சோப்பாரா போகிறேன் என்றேன்.

"நாலா சோப்பாராவா? அங்க எதுக்குய்யா போற?" என்றார் அத்தை. "வாடகை குடுக்க முடியாதவங்கதான் அங்க போறாங்க."

"பழைய துறைமுகம் அத்தை."

"கடல் பாக்கணும்னா ஜூஹு போ. பேல்பூரி திங்கலாம்."

நாள் 2: கோட்டைப் பக்கம்

அத்தானுக்கு லீவு இல்லை, தனியாகக் கிளம்பினேன். முதலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம். அசோகரின் கல்வெட்டுத் துண்டு ஒன்று அங்கே இருக்கிறது. பதினான்கு பெரும்பாறைக் கட்டளைகளில் எட்டாவது. 1882-இல் சோப்பாராவில் ஒரு குளத்தருகே பகவான்லால் இந்திராஜி கண்டெடுத்தது. மனுஷர் பெரிய ஆள். குஜராத்தி வைத்தியக் குடும்பத்தில் பிறந்து, பழைய எழுத்துகளை வாசிக்கக் கற்று, நேப்பாளம் வரை போய்க் கல்வெட்டு தேடியவர்.

கல்லைத் தேடி நடந்ததில் பாதி நேரம் போய்விட்டது. கண்ணாடிக்குள் தங்க நகை மாதிரி வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். உடைந்த கல். பிராமி எழுத்து, சில சொற்கள்தான் மிச்சம். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கடந்து போனது. ஒருத்தரும் நிற்கவில்லை, நின்றாலும் பார்க்க ஒன்றும் இல்லைதான்.

ஆனால் விஷயம் இருக்கிறது. இந்தத் துண்டில் இல்லாத மிச்சத்தை குஜராத்தின் கிர்நார் போன்ற இடங்களில் முழுசாக இருக்கிற அதே கட்டளையை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். முழுக்க முழுக்கப் பயணத்தைப் பற்றியது அது. அசோகர் சொல்வது இது: முன்னால் இருந்த ராஜாக்கள் உல்லாசப் பயணம் போனார்கள், வேட்டையாடினார்கள். நான் பட்டம் கட்டிப் பத்து வருஷம் ஆனபிறகு போதி மரத்துக்குப் போனேன். அதிலிருந்து என் பயணம் தர்மப் பயணம். சிரமணர்களையும் பிராமணர்களையும் பார்ப்பது, தானம் கொடுப்பது, வயசானவர்களைப் பார்ப்பது, பொன் கொடுப்பது, நாட்டுப்புறத்து மக்களைப் போய்ப் பார்ப்பது, அவர்களோடு தர்மம் பேசுவது. வேட்டையைவிட இதில்தான் சந்தோஷம் அதிகம் என்கிறார்.

கப்பல் வந்துபோகிற ஊரில், பலநாட்டு ஆள் இறங்குகிற இடத்தில், பயணம் எப்படிப் போகவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மற்ற பதின்மூன்றும் அங்கே இருந்திருக்கும்தான். கையில் அகப்பட்ட துண்டு இதுவாக இருந்தது எனக்குப் பிடித்துப்போனது.

வெளியே வந்து டவுன்ஹால் வரை நடந்தேன். அதற்குள்ளே இருக்கிற ஏஷியாட்டிக் சொசைட்டியிடம்தான் சோப்பாரா ஸ்தூபியில் கிடைத்த பேழைகள் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கிற பொருள் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வடாபாவ் தின்றேன். என்னைச் சுற்றிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், தூங்குகிறவர்கள், கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எடுக்கிற ஒரு ஜோடி. வடாபாவில் மிளகாயைத் தனியாக வைத்துத் தருகிறார்கள். அதைக் கடிக்க ஒரு முறை இருக்கிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நாள் 3: சோப்பாரா

"காலையில நீ போற திசையில கூட்டம் இருக்காது. எல்லாரும் இங்கதான் வருவான்" என்று அத்தான் சொல்லியிருந்தார். அதை நம்பி தாதரில் விரார் பாஸ்ட் ஏறினேன். ஒரு வடாபாவ் விலைக்கு டிக்கெட். ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அதுதான் வினை.

போரிவலி தாண்டினால் காட்சி மாறுகிறது. தஹிசர், மீரா ரோடு, பயந்தர். பயந்தர் விட்டதும் கழி. அகலமான தண்ணீர், நடுவே ஒரு தீவு, பாலத்தில் ரயில் ஏறியதும் சத்தம் வேறாகிறது. கரையோரம் உப்பளம். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு உப்பளத்தைக் கண்டால் ஊர் ஞாபகம் வந்துவிடும். பாத்தி, வரப்பு, வெள்ளைக் குவியல். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நாய்காவ் போனது, வசை ரோடு போனது. "புடீல் ஸ்டேஷன் நாலா சோப்பாரா" என்று அறிவிப்பு வந்தபிறகுதான் எழுந்தேன்.

லோக்கலில் இறங்குகிறவன் இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே கதவுப் பக்கம் போய் நிற்கவேண்டும், எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்றும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டும் எனக்குத் தெரியாது. இடதுபக்கக் கதவை நோக்கி முட்டினேன். பிளாட்பாரம் வலதுபக்கம் வந்தது. திரும்பி முட்டுவதற்குள் ஏறுகிறவர்கள் என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள். வண்டி கிளம்பியது. ஒரு பெரியவர் பரிதாபமாக என்னைப் பார்த்து "விரார் சலே ஜாவ்" என்றார்.

இலங்கை வரலாறு சொல்கிற மகாவம்சத்தில் விஜயன் கதை வரும். லாள நாட்டிலிருந்து நாடு கடத்தப்பட்டு எழுநூறு பேரோடு கப்பலில் வந்தவன் முதலில் இறங்கியது இலங்கையில் இல்லை, சுப்பாரகத்தில். கூட வந்தவர்கள் செய்த அட்டகாசத்தால் அங்கே இருக்க முடியாமல் மறுபடி கப்பலேறித்தான் இலங்கை போய்ச் சேர்ந்தான். சரி, சோப்பாராவில் காலூன்ற முடியாமல் போனவர்களில் நான் முதல் ஆள் இல்லை. விராரில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, இந்தத் தடவை ஏறியதிலிருந்து கதவிலேயே நின்று, வந்து சேர்ந்தேன்.

நாலா என்றால் சாக்கடை என்றுதான் நினைத்திருந்தேன். துறைமுகம் தூர்ந்து சாக்கடை ஆனதால் இந்தப் பெயர் என்று ஒரு கதையே மனசில் கட்டிவைத்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கலைத்தார். நாலா என்று ஒரு ஊர், சோப்பாரா என்று ஒரு ஊர், ரெண்டுக்கும் சேர்த்து ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதானாம். என் கதைதான் நன்றாக இருந்தது.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் கட்டடம். மேற்கே கொஞ்ச தூரம் அதே நெரிசல்: மொபைல் கடை, செருப்புக் கடை, 'ரூம் வாடகைக்கு' என்று கம்பத்தில் ஒட்டிய காகிதம், சிந்திக்கொண்டே போகிற தண்ணீர் லாரி. அப்புறம் சட்டென்று தென்னையும் பனையும் வருகின்றன, ரோடு குறுகுகிறது, ஓட்டு வீடுகள். அந்த இடத்தில் ஆட்டோக்காரர் நிறுத்தி, "ஸ்தூப்" என்றார்.

கம்பிவேலி, தொல்லியல் துறையின் நீலப் பலகை, உள்ளே மரங்கள். நடுவில் செங்கல் மேடு. சாஞ்சியை மனசில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. குவிமாடம் எல்லாம் கிடையாது, செங்கல் வரிசைகள்தான். உட்கார்ந்து ஒரு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். நம் ஊர்ச் சூளைச் செங்கல்லைவிட நல்ல அகலம். விளிம்பு மழுங்கி, சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் கறுப்பு. இடுக்கில் எறும்பு ஒரு அரிசிப் பொரியை இழுத்துக்கொண்டு போனது. யாரோ படைத்ததாக இருக்கவேண்டும்.

இந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'புருட் ராஜாசா கோட்'. புருட் என்றால் மூங்கில் கூடை முடைகிறவர். கூடை முடைகிற ராஜாவின் கோட்டை! புத்தரை ஊர் மறந்துபோய் ஒரு கூடைக்கார ராஜாவை அங்கே குடிவைத்திருக்கிறது. 1882 ஏப்ரலில் பகவான்லால் இந்திராஜி இதை நடுவில் தோண்டினார். கல்லால் ஆன பெரிய பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்தால் நடுவில் செம்புப் பேழை, அதைச் சுற்றி வெண்கலத்தில் எட்டு புத்த உருவங்கள். செம்புக்குள் வெள்ளி, வெள்ளிக்குள் கல், கல்லுக்குள் படிகம், படிகத்துக்குள் தங்கம். ஒன்றைத் திறக்கத் திறக்க இன்னொன்று. தங்கப் பேழைக்குள் என்ன? உடைந்த மண்பாண்டத்தின் சில்லுகள். புத்தர் கையிலிருந்த திருவோட்டின் துண்டுகள் என்று நம்பிப் போற்றிவைத்தது. சட்டியின் ஓட்டைத் தங்கத்துக்குள் வைத்து, அதைப் படிகத்துக்குள் வைத்து... இந்த வரிசையை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்தப் பெட்டியில் தங்கப் பூக்களோடு ஒரு வெள்ளிக் காசும் இருந்தது. சாதவாகன அரசன் கௌதமிபுத்திர யக்ஞ சாதகர்ணியின் காசு. நம் ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளலாம். இந்த வகை வெள்ளிக் காசுகளில் ஒருபக்கம் ராஜாவின் முகம், சுற்றிலும் பிராகிருதம். மறுபக்கம் அதே வாசகம் வேறு மொழியில். புளுமாவி என்ற இன்னொரு சாதவாகன அரசனின் காசில் 'அரஹணகு... மாகணகு' என்று வாசிக்கிறார்கள். அரசனுக்கு, மகனுக்கு. அந்த 'கு' நம்முடைய நான்காம் வேற்றுமை. இது தமிழ் என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் சொன்னார்கள். தெலுங்குதான் என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் சண்டைக்கு வரவில்லை. எதுவாக இருந்தாலும், இந்த மாதிரி 'கு' போட்ட காசு இந்தக் கரையில் கைமாறியிருக்கிறது. 1,800 வருஷத்துக்கு முந்தின கதை.

மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு குடும்பம் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அம்மா, அப்பா, நீலச் சட்டை போட்ட ஒரு பையன். என்னைப் பார்த்து அப்பா "ஜெய் பீம்" என்றார். நானும் சொன்னேன். அம்பேத்கரோடு 1956-இல் பௌத்தம் தழுவியவர்களின் வழியில் வந்தவர்கள். அவர்களுக்கு இது பழைய துறைமுகமும் இல்லை, தொல்பொருளும் இல்லை. பையன் செங்கல்மேல் ஏறப் போனான், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

பூர்ணன் கதையும் இந்த ஊர்க் கதைதான். சூர்ப்பாரகத்து வியாபாரி, அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவன், கடல் வாணிபத்தில் பணம் சேர்த்து, பிறகு புத்தரிடம் போனவன். அண்ணன் கொண்டுவந்த சந்தன மரத்தில் புத்தருக்கு மண்டபம் கட்டினார்கள் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. இப்போது சந்தனம் இல்லை. மெழுகுவத்தி வாசமும், பக்கத்து வீட்டில் பொம்பில் கருவாடு சுடுகிற வாசமும் இருந்தன.

வெளியே வந்தபோது 'பாம் பாம்' என்று ஹாரன். சைக்கிள், கேரியரில் துணி கட்டிய அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னிக் கேன். பம்பாயில் இந்த ஹாரன் சத்தத்தைக் கேட்டால் இட்லிக்காரர் என்று அர்த்தம், பாதிக்குப் பாதி தமிழராக இருப்பார்.

"அண்ணே, தமிழா?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். "எந்தூரு?"

"ஏரல்."

"எனக்கு விளாத்திகுளம். நாலு வைக்கவா?"

வைத்தார். நின்றுகொண்டே தின்றேன். தேங்காய்ச் சட்னி தண்ணீராக இருந்தது, ஆனால் காரச் சட்னி நம் ஊர்க் காரம். முன்பு தாராவியில் இருந்தாராம். வாடகை கூடிக்கூடி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிழக்குப் பக்கம் ஒரு ரூம் எடுத்து வந்துவிட்டார். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்கு சைக்கிள் கிளம்பும். மாவு ஆட்டுவது வீட்டம்மா. "தண்ணி வராத அன்னிக்கு லீவு. மாவு இருந்தும் லீவு" என்றார்.

"இந்த ஸ்தூபியப் பாத்திருக்கீங்களா?"

"உள்ள போனதில்ல. புத்த பூர்ணிமா அன்னிக்கு இந்த கேட்லதான் நிப்பேன். ரெண்டு பாத்திரம் காலியாகும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "என்னது அது, கோட்டையா?" என்றார்.

துறைமுகம் என்றேன். கப்பல் வந்த இடம், ரோமாபுரிக்கு எல்லாம் சரக்குப் போனது என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். ரோடு, தென்னை, நான்கு மாடிக் கட்டடம். ஏழாம் வகுப்பில் கொற்கையில் என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

"எங்கண்ணே தண்ணி?" என்றார்.

வடக்கே வைதரணா ஆறு, தெற்கே வசைக் கழி, இரண்டுக்கும் நடுவே இந்த ஊரை ஒட்டி உப்பங்கழி ஒன்று உள்ளே வந்திருக்கிறது. அதுதான் துறை. மண் சேர்ந்து தூர்ந்துபோயிற்று. மிச்சமிருக்கிற வாய்க்காலை நான் பிறகு நடந்துபோய்ப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், பிளாஸ்டிக், ஒரு கொக்கு. அதை ஒட்டி ஒரு பலகை: 'பிளாட் விற்பனைக்கு, கடல்காற்று வரும்.'

சக்ரேஷ்வர் கோவிலுக்கும் போனேன். குளக்கரையில் பழைய சிற்பங்களை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பிரம்மா சிலை ஒன்று இருக்கிறது, ஆள் உயரம், முகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு. பிரம்மாவுக்கு இவ்வளவு நல்ல சிலையைப் பார்ப்பது அபூர்வம். குளத்துப் படியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நிறைய நேரம் அங்கே இருந்தேன், எழுத ஒன்றும் இல்லை.

திரும்பும்போது மாலை ஏழு. தாதர் பக்கம் போகிற பிளாட்பாரத்தில் எனக்கு இடம் தாராளம். எதிர் பிளாட்பாரத்தில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு விரார் வண்டி வந்து கொட்டிவிட்டுப் போனது. வண்டி நிற்பதற்கு முன்பே குதிக்கிறார்கள், பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காய்கறி. மேம்பாலப் படிக்கட்டில் அந்தக் கூட்டம் ஒரே வேகத்தில் ஏறுகிறது, யாரும் யாரையும் இடித்ததற்குக் கோபப்படுவதில்லை. மூன்று வண்டி பார்த்தேன். நாலாவதையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

நாசிக் குகைக் கல்வெட்டில் உஷவதாதன் என்பவன் கொடுத்த தானங்களின் பட்டியல் இருக்கிறது. சகர் குலத்து மன்னன் நகபானனின் மருமகன். சோப்பாரா உட்பட நாலு ஊரில் பயணிகளுக்குச் சத்திரம் கட்டினான், ஆறுகளில் இலவசப் படகு விட்டான். அத்தானிடம் இதைச் சொன்னதற்கு, "அவன எலெக்ஷன்ல நிக்கச் சொல்லு" என்றார்.

நாள் 4: வசை

இன்று போகி. அத்தை காலையிலேயே மேல் கோலியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். என் பையும் வெளியே வந்தது. அதோடு நானும் கிளம்பினேன்.

வசை ரோடில் இறங்கிக் கோட்டைக்கு பஸ். (சரியான கதவில் நின்று, சரியாக இறங்கினேன்.) சோப்பாரா தூர்ந்தபிறகு வியாபாரம் இந்தப் பக்கம் நகர்ந்தது. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இதைப் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்தார். அதே சமயத்தில்தான் அவர்கள் எங்கள் முத்துக்குளித்துறைக்கும் வந்து பரதவர் ஊர்களில் கோவில் கட்ட ஆரம்பித்தது. அதனால் இந்தக் கோட்டை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மதிலுக்குள்ளே ஒரு ஊர் அளவுக்கு இடிபாடு. கூரை போன தேவாலயங்கள், சுவரைப் பிடித்து வளர்ந்த ஆலவேர். ஒரு தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், போர்த்துகீசிய எழுத்து. மேலே நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றினேன், பிறகு மாட்டிக்கொண்டேன், முள் இருந்தது. 1739-இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா முற்றுகையிட்டுப் பிடித்தபோது இந்தக் கோவில் மணிகளை மராட்டியர் எடுத்துப்போனார்கள். பீமாசங்கரத்திலும் நாசிக் நாரோ சங்கர் கோவிலிலும் இன்று அடிப்பது போர்த்துகீசிய மணிதான். மணிக்கு மதம் இல்லை, நல்ல வெண்கலம்.

கடல்வாசல் வழியாக வெளியே வந்தால் கோளி மீனவர்களின் படகுத்துறை. இங்கே தண்ணீர் இருக்கிறது! மூங்கில் கொடி கட்டி அதில் பொம்பில் மீனை ஜோடி ஜோடியாக வாயோடு வாய் கோத்துத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தார்கள். ஒரு பாட்டி காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கையால் கேட்டேன். அவர் விரலால் சொன்னார். நான் வாங்கவில்லை, ரயிலில் ஒன்றரை நாள் அதோடு உட்கார முடியாது.

அதற்குப் பதில் சந்தையில் சுகேளி வாங்கினேன். ராஜேளி என்கிற வாழைப்பழத்தைத் தோல் உரித்து வெயிலில் காயவைத்து, வாழைச் சருகில் சுற்றி விற்கிறார்கள். பார்க்கப் பழைய தோல் செருப்பின் வார் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் தேன். எங்கள் பக்கம் ஏக்கர் ஏக்கராக வாழை போடுகிறோம், விலை விழுந்தால் ஆட்டுக்குப் போடுகிறோம், ஒருத்தருக்கும் இந்த யோசனை வரவில்லை. போர்த்துகீசியர் தூத்துக்குடிக்கு மக்ரூனைக் கொடுத்தார்கள் என்பார்கள். சுகேளியையும் அந்தக் கப்பலிலேயே அனுப்பியிருக்கலாம்.

திரும்புகிற பஸ்ஸில் ஒரு பலகையில் புயிகாவ் என்ற பெயர் கடந்து போனது. 1956-இல் அங்கேதான் அசோகரின் ஒன்பதாம் கட்டளையின் துண்டு கிடைத்தது. இறங்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருட்டிவிட்டது, விட்டுவிட்டேன்.

நாள் 5: பொங்கல்

90 அடி ரோட்டில் காலை ஐந்து மணிக்கே இடம் பிடிக்க ஆள் போயாகிவிட்டது. மூன்று செங்கல், ஒரு பானை, அடுத்து மூன்று செங்கல், ஒரு பானை. ரோட்டோரம் நீளத்துக்கு வரிசை. புகையில் எதிரே இருக்கிறவர் தெரியவில்லை. மதினி கரும்பு கட்டிக்கொண்டிருந்தார், அத்தை பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்துப் பானை முந்திப் பொங்கிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "விறகு ஈரம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் எனக்கு வண்டி. அத்தான் டாக்ஸி கூப்பிட்டுவிட்டார். அத்தை வாசலில் நிறுத்தி, கையில் மிளகாய், உப்பு, சந்து மண். மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடச் சொல்லி மதினியிடம் கொடுத்தார். நெற்றியில் திருநீறு. முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். டாக்ஸி டிரைவர் உத்தரப்பிரதேசத்துக்காரர், பழக்கமானவர் மாதிரி பொறுமையாகக் காத்திருந்தார்.

ஒன்பதாம் கட்டளையில் அசோகர் இதைத்தான் சொல்கிறார். நோய் வந்தால், பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால், பிள்ளை பிறந்தால், பயணம் கிளம்பினால் ஜனங்கள் என்னென்னவோ சடங்கு செய்கிறார்கள், அதிலும் தாய்மார்கள் செய்வது ரொம்ப அதிகம், சின்னச்சின்னச் சடங்குகள், பலன் ஒன்றும் பெரிதாக இல்லை என்று. செய்யவே கூடாது என்று சொல்லவில்லை, செய்யத்தான் வேண்டும், பலன் கொஞ்சம் என்கிறார். வீட்டில் அத்தைமார் இருந்திருப்பார்கள்.

சொன்னேன். கல்லிலே எழுதியிருக்கு அத்தை, நீங்க போன நாலா சோப்பாரா பக்கத்துலதான் கிடைச்சது என்றேன்.

"நான் எங்கடா போனேன்? நீதான் போன" என்றார். அப்புறம் முந்தானையிலிருந்து இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டு, "ரயிலுக்கு" என்றார்.